நல்லம்மாள் அக்காவின் பவளச்சாமி

நல்லம்மாள் அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றதும், சிம்பாங் பூலாய் ஊரின் சுண்ணாம்பு மலையடியில் மூன்று மாடுகளோடு குடியேறினார்.

"ரப்பர் மரம் உதைக்காது, மாடு உதைக்குதுலா. மத்தபடி ரெண்டும் பால்தான்" என்பார்.

1979இல் யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்காக நான் அங்கே போனபோது அவருக்கு ஒரே கவலை. பக்கத்துக் கல்குவாரி அடுத்த மாதம் இந்தப் பக்கம் வெடிவைக்கப் போகிறது. மாட்டுக் கொட்டகையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கும் அந்த இடத்துப் பாறைதான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வாங்கியதோ கல்லைப் படிக்கும் பட்டம். அது எதற்கென்று அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. சில நாள் எனக்கும்தான்.

கொட்டகையை ஒட்டிய பாறையில் பழங்காலப் பவளம் தேன்கூடு போலப் பதிந்திருந்தது. இந்த வகைப் பவளம் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலில் வளர்வது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அப்படியொரு கடல் இருந்தது என்றேன்.

"அப்ப மீனு எங்க?"

"செத்துப்போச்சுக்கா."

"கடலும் இல்ல, மீனும் இல்ல. இதுக்கா தம்பி படிச்சே?"

மாதிரி எடுக்கும் இடத்தில் முதலில் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைப்பது என் வழக்கம். வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் சுத்தியலோடு போனால், பாறைக்கு மஞ்சள் துணி, வேப்பிலை, எலுமிச்சம்பழம். என் பொட்டுக்கு மேலே திருநீறு.

"அக்கா, அது பெயின்ட்!"

"தெரியும். கையில ஒட்டி, மண்ணெண்ணெய் போட்டுல்ல கழுவுனேன். யுனிவர்சிட்டி ஆளே வந்து பொட்டு வச்சாருன்னு குவாரியில சொல்லிட்டேன். சத்தம் போடாத, தவுக்கே வாராரு."

தவுக்கே, அதாவது குவாரியின் சீன முதலாளி, வந்து பாறையை உற்றுப் பார்த்தார். "இது டத்தோவா?" என்று என்னிடம் மலாயில் கேட்டார். கல்லில் குடியிருக்கும் காவல் தெய்வத்தைச் சீனர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அக்கா மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. பெயின்ட் என்றால் கொட்டகை போகும், பவளமும் போகும். சாமி என்று சொல்ல நான் யார்? பட்டமளிப்பு விழாவில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ரொம்பப் பழசு தவுக்கே. முப்பது கோடி வருசம்."

தவுக்கே தொப்பியைக் கழற்றினார். மறுநாள் ஊதுபத்தியும் ஆரஞ்சும் வந்தன. வெடி மலையின் மறுபக்கம் போனது.

நிம்மதியாகச் சுத்தியலை எடுத்தேன். அக்கா குறுக்கே நின்றார்.

"சாமிய ஒடைக்கவா?"

"உங்களுக்குத்தான் தெரியுமேக்கா!"

"எனக்குத் தெரியும். தவுக்கேக்குத் தெரியாதுலா. பின்பக்கமா எடு. வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம்."

பின்பக்கம் போனேன். சாமியின் முதுகு முழுக்க வரட்டி காய்ந்துகொண்டிருந்தது.