லைப்ரரிக்கு வந்த விசாரிப்பு

அடி அண்ணாமலை ஊர்ப்புற நூலகத்தில் கோதண்டராமன் சம்பளம் வாங்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைச் சம்பளம் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். "வருதுங்க, வராம இல்ல. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிடுது. உள்ள வான்னா வெக்கப்படுது" என்பார். பேப்பர் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பேச்சுக்காகவே வந்தார்கள். கையில் காசு இல்லாத மனுஷன் வாயையும் மூடிக்கொண்டு இருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். அவர் பேசியே தப்பித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அந்த வாய் எடுபடவில்லை. மகள் மதிவதனிக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. வந்த வரன்கள் எல்லாம் எத்தனை பவுன் என்ற கேள்வியோடு நின்றுபோயின. வைகாசியில்தான் கீழ்பென்னாத்தூர் குமரேசன் வீட்டார் வந்து பெண் பார்த்தார்கள். நகைப் பேச்சே எடுக்கவில்லை. அவர்கள் போன பிறகு மதிவதனி பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். மனைவி ஜோதி அவரைக் கூப்பிட்டு, "கேக்குதா?" என்றாள். அவருக்குக் கண் கலங்கியது. இந்த இடமாவது கூடிவரட்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"விசாரிக்க ஆள் வருவாங்கண்ணா" என்று தரகர் ராஜமாணிக்கம் எச்சரித்தார். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் இந்தப் பக்கம் யாரும் தட்டு மாற்ற மாட்டார்கள். கோதண்டராமன் டீக்கடை, மளிகைக் கடை, பக்கத்து வீடு எல்லாவற்றிலும் சொல்லிவைத்தார். "கவர்மென்ட் வேலை, நல்ல குடும்பம்னு சொல்லுங்க, போதும்."

ஆள் வந்தார். ஆனால் டீக்கடைப் பக்கம் போகவில்லை. நேராக நூலகத்துக்கு வந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்தவர்களில் அந்த முகம் இல்லை. நெற்றி நிறைய விபூதி. கிரிவலம் வந்தவர் வெயிலுக்கு ஒதுங்குகிறார் என்று கோதண்டராமன் நினைத்தார்.

"இந்த வேலைல என்னாங்க வரும்?" என்றார் வந்தவர்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? "சரஸ்வதிகிட்ட வேலை பாத்தா லட்சுமி எப்பிடிங்க வருவா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரோட்டோரம் தண்ணி பாட்டில் விக்கறேன். சம்பளத்தவிட அதுதான் ஜாஸ்தி."

வந்தவர் சிரித்தார். "புள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. சீர்வரிசைக்கு ரெண்டு பீரோ புக்கு குடுத்துடலாம்னு இருக்கேன். திருப்பிக் குடுக்க லேட்டானா மாப்பிள்ளைக்கு ஃபைன் போட்டுக்கலாம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ரசனை உள்ள மனுஷன், அடிக்கடி வந்தால் தேவலை என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் ராஜமாணிக்கம் நூலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை. "வந்தது பையனோட சித்தப்பாண்ணா. ஆளு தங்கம், ஆனா கஷ்டப்படற குடும்பம், நாளைக்கு எல்லாம் நம்ம பையன் தலைமேலதான் விழும்னு சொல்லிட்டாராம். வேணாம்ட்டாங்க."

கோதண்டராமன் வீட்டுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்க மனசு வரவில்லை. "என் வாயால போச்சும்மா. தமாஷுக்குத்தான் சொன்னேன்." அவள் திட்டினால் தேவலை என்று நின்றார்.

மதிவதனி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "நீ ஒண்ணும் பொய் சொல்லலியேப்பா" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஊர் இத்தனை வருடம் சிரித்தது தன் வீட்டு இல்லாமையைப் பார்த்துத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவர மதிவதனி எழுந்து உள்ளே போனாள். வெகு நேரமாகியும் அவள் திரும்பி வரவில்லை; உள்ளேயிருந்து அடக்கிய விசும்பல்தான் கேட்டது.