கட்டுரையின் முதுகு

எங்கள் தெருத் தையல்காரர் பெயரை மாற்றிக்கொண்டு, சட்டப்படி நாளிதழில் அறிவிப்பும் கொடுத்தார். வெளிநாட்டிலிருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக அவருக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.

அந்தத் தாளின் மறுபக்கத்தில் அரசைக் கிண்டலடிக்கும் கட்டுரை ஒன்று வந்திருந்தது. விசாரணைத் துறையினர் அதைக் கத்தரித்து, எதுவும் விட்டுப்போகக் கூடாதென்ற கடமையுணர்ச்சியில் இரண்டு பக்கத்தையும் கோப்பில் சேர்த்தார்கள். பாஸ்போர்ட் நின்றுபோனது, தையல்காரர் அழைக்கப்பட்டார்.

"இந்தக் கட்டுரைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அதிகாரி.

"நான் அதோட முதுகு சார். வேற சம்பந்தமே இல்ல."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உங்க பேரை அடிச்சிடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

தையல்காரர் பேசாமல் எழுந்து போயிருக்கலாம். ஆனால் தம்மை இந்தப் பாடு படுத்திய கட்டுரையில் அப்படி என்னதான் இருக்கிறதென்று தெரியாமல் அவருக்குக் கால் நகரவில்லை.

"ஒரு தடவ படிச்சுக் காட்டுங்களேன் சார்."

அதிகாரியும் ஏற்ற இறக்கத்தோடு படித்துவிட்டு, "எப்படி?" என்றார்.

"உள்ளதைத்தானே சார் எழுதியிருக்கான்?"

அதிகாரி பேனாவை மூடினார். சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது.

பேத்திக்கு நடை வந்துவிட்டதாம். தாத்தாவுக்குப் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை.