ஆரணியில் கிடைத்த மூடி போட்ட வாளி

காலை ஆறே முக்காலுக்குப் பூந்தமல்லியில் பேருந்து ஏறினேன். ஆரணிக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், கட்டணம் நூற்று இருபது ரூபாய். வண்டி பாதி காலி. பக்கத்து இருக்கையில் என் துணிப்பைகள் இரண்டும் உட்கார்ந்து வந்தன. டிக்கெட் கிழித்த நடத்துநர் பைகளைப் பார்த்துவிட்டு, "ஆரணியா? பட்டு எடுக்கப் போறீங்களாம்மா? கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்திருக்கும். "மளிகை வாங்கப் போகிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. ஊர் ஊராகக் கோயில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஊர் ஊராகத் தள்ளுபடி சூப்பர் மார்க்கெட் பார்ப்பவள். அரக்கோணம், திண்டிவனம், காஞ்சிபுரம் என்று மூன்று ஊர் முடித்தாயிற்று. என் கணவர் இறந்த பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் இது. கோயில் பிராகாரத்தில் ஒரு பெண் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து என்ன கஷ்டம் என்று விசாரிப்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு மணி நேரம் சுற்றினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குளிர்சாதனம் வேறு. பருப்பு டப்பாவைக் கையில் எடுத்துப் பின்பக்கம் படித்துக்கொண்டிருந்தால் போதும், நாலு பேர் நடுவில் நானும் ஒரு ஆள்.

ஒரே ஒரு குறை, ஒற்றை ஆளுக்கு எந்தத் தள்ளுபடியும் கிடையாது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், ஐந்து கிலோ எடுத்தால் விலை குறைவு, குடும்பப் பொதி என்றுதான் எல்லாம். என் குளியலறையில் ஒன்பது சோப்பு இருக்கிறது. நான் ஒருத்தி அதைத் தேய்த்துத் தீர்ப்பதற்குள் என் காலமே முடிந்துவிடும்.

என் மகன் கார்த்திக் புனேயில் இருக்கிறான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே வந்துவிடு என்கிறான். கெட்ட பிள்ளை இல்லை, அக்கறையோடுதான் கேட்கிறான். "அங்க உனக்கு என்னம்மா இருக்கு?" என்று போன வாரம் கேட்டான். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. புனேயில் அவன் இருக்கும் பதினோராவது மாடியில் எனக்கு ஒரு வார்த்தை இந்தியும் தெரியாமல் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதைக் காரணமாகச் சொல்ல முடியுமா? இன்று சாயங்காலம் கூப்பிடுவதாகவும், சரி என்றால் உடனே டிக்கெட் போட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தான். சரி என்று சொல்லிவிடுவதாகத்தான் கிளம்பும்போது முடிவு. ஆரணி என் கடைசி ஊர் என்று வைத்துக்கொண்டேன்.

ஆற்காட்டில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். டீ பதினைந்து ரூபாய், சுமார்தான். திமிரி தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் நெல் வயல். ஊர் நெருங்க நெருங்க அரிசி ஆலைகள். புழுங்கல் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. பூந்தமல்லியில் நான் வாங்கும் அரிசி மூட்டையிலும் ஆரணி என்றுதான் அச்சடித்திருக்கும். இத்தனை வருடம் சாப்பிட்ட ஊரை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பத்தரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். ஆட்டோக்காரர் ஒருவர், "பட்டுக் கடைக்கா?" என்றார். சூப்பர் மார்க்கெட் என்றேன். மீட்டரெல்லாம் கிடையாது, அறுபது ரூபாய்.

"எங்கேர்ந்து வரீங்க?"

"பூந்தமல்லி."

"மெட்ராஸ்ல மளிகைக் கடைங்களை எல்லாம் மூடிட்டானுங்களா இன்னா?" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அவரே, "இன்னிக்குப் போய் வந்து மாட்டிகினீங்களே. அமாவாசை. தறி எல்லாம் நிக்கும். ஊரு மொத்தமும் அங்கதான் கீது" என்றார்.

அமாவாசை என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிப்பது என் கணவர் வேலை. அவர் போன பிறகு அது எந்தத் தேதியில் நின்றதோ அதிலேயே நிற்கிறது. அவருக்காகக் காக்கைக்குச் சோறு வைத்திருக்க வேண்டிய நாளில் நான் பருப்பு விலை பார்க்க ஊர் தாண்டி வந்திருக்கிறேன். ஆட்டோவில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார், நல்ல மனிதர்.

கடைக்குப் போகும் தெரு நெடுக மற்ற நாளில் தறிச் சத்தம் கேட்குமாம். அன்று ஒரு வீட்டிலும் சத்தமில்லை. மாதத்தில் இந்த ஒரு நாள்தான் நெசவாளர்களுக்கு விடுமுறை, அதனால் மாதச் சாமான் வாங்குவதும் இன்றைக்குத்தான். கடை வாசலில் இருசக்கர வண்டிகள் கால் வைக்க இடமில்லாமல் நின்றன. வாசலில் பெரிய துணிப் பதாகை: அமாவாசைச் சிறப்புத் தள்ளுபடி. ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை ஒன்பது ரூபாய். இரண்டாயிரத்துக்கு வாங்கினால் அதோடு மூடி போட்ட வாளி ஒன்று இலவசம்.

உள்ளே போனேன். துவரம்பருப்பு எங்கள் ஊரைவிட நான்கு ரூபாய் குறைவு. உளுந்து ஒரே விலை. ஆரணி அரிசி பூந்தமல்லியில்தான் மலிவு, இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. எல்லோரும் குடும்பம் குடும்பமாக வண்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பா எண்ணெய் எடுக்க, அம்மா அதைத் திரும்ப வைக்க, பிள்ளைகள் பிஸ்கட்டுக்குச் சண்டை போட, நான் கால் கிலோ உளுந்தோடு அவர்களுக்கு வழி விட்டு வழி விட்டுக் கடைசியில் சர்க்கரை அடுக்கியிருந்த மூலைக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே ஒரு பெண் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். சாமான் எடுப்பதாகத் தெரியவில்லை. போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கூடையைப் பார்த்தாள், என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க அக்கா?"

நான் எந்தக் கேள்விக்குப் பயந்து ஊர் ஊராகச் சூப்பர் மார்க்கெட்டில் ஒளிந்துகொள்கிறேனோ அதே கேள்வி. ஆனால் அவள் கேட்ட விதத்தில் பரிதாபம் இல்லை, ஒரு சந்தோஷம் இருந்தது.

"ஆமாம்."

"அப்பாடா. பில்லு சேத்துப் போட்டுக்கலாமா?"

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். சின்னக் குடும்பக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே பில்லாகப் போட்டால் தள்ளுபடி கிடைத்துவிடும். சர்க்கரையைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். இங்கே பல பேர் அப்படித்தான் செய்கிறார்களாம், கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கும் தெரியுமாம். இவள் பெயர் கஸ்தூரி, சேவூர்க்காரி. கணவர் பட்டு நெய்கிறார், இவள் அவருக்கு நூல் சுற்றித் தருகிறாள். இரண்டே பேர். நெடுநாளாக இவளோடு பில் சேர்த்தவள் பக்கத்து வீட்டு மல்லிகா. அவள் மகனோடு திருப்பூர் போய்விட்டாள்.

"மூணு அமாவாசையா இங்கியே நின்னுகினு கீறேன் அக்கா. ஜோடி இல்லாம வந்தவங்க ஒருத்தரும் மாட்டல. பேஜாராப் பூட்ச்சு" என்றாள். "நீங்க எங்க, கொசப்பாளையம் பக்கமா?"

கொசப்பாளையம் ஆரணியில் ஒரு பகுதி என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. ஆனால் தலை தானாக ஆடிவிட்டது. அன்று முழுவதும் என்னை எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று கேட்டவர்களில் இவள் ஒருத்திதான் இந்த ஊர்க்காரி என்று நினைத்துக் கேட்டாள். அதை எப்படி இல்லை என்பது?

அதற்குப் பிறகு கடை வேறு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாயிரத்தை எட்ட வேண்டுமே! இருவரும் ஒரே வண்டியைத் தள்ளினோம். நான் எடுத்த மிளகாய்த்தூளை அவள் பிடுங்கி வைத்தாள். "இது வாணாம் அக்கா, காரமே இருக்காது." அவள் எடுத்த டீத்தூளை நான் மாற்றினேன். ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்று, பாதி எனக்கு, பாதி அவளுக்கு. எண்ணெய் இரண்டு லிட்டர், ஆளுக்கு ஒன்று. சோப்புப் பொதியின் முன்னால் நான் தயங்கியபோது, "எடுங்க, ரெண்டு எனக்கு ரெண்டு உங்களுக்கு" என்றாள். என்னிடம் ஒன்பது இருக்கிறது என்று சொல்லவில்லை. தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டில் நான் இரண்டு வருடத்தில் வாய் திறந்து பேசியதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் பேசியது அதிகம்.

பில் போட்டு வெளியே வந்து, கடைப் படிக்கட்டின் ஓரம் சாமானைப் பரப்பினோம். அவள் தன் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். இதற்கென்றே கொண்டுவந்தது. பருப்பையும் சர்க்கரையையும் டம்ளர் டம்ளராக இரண்டு பைகளில் அளந்து போட்டு, வாயை நூலால் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு என் வீட்டில் கத்தரியால் வெட்டித்தான் அதைப் பிரிக்க முடிந்தது.

மிஞ்சியது வாளி. நீல நிறம், மூடியோடு, நல்ல கனமான வாளி. அதை எப்படிப் பிரிப்பது? கஸ்தூரி என் பக்கம் தள்ளினாள்.

"பிரிக்க முடியாத சாமானு முறை வெச்சிதான் எடுத்துப்போம் அக்கா. ஒரு அமாவாசை ஒருத்தருக்கு, அடுத்தது இன்னொருத்தருக்கு. புதுசா சேர்ந்தவங்களுக்குதான் மொத முறை. அடுத்த தபா எனுக்கு."

"வேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்."

"முறைன்னா முறைதான்" என்று வாளிக்குள் என் சர்க்கரையை வைத்து மூடினாள். அடுத்த முறை எப்படிச் சந்திப்பது, என் தொலைபேசி எண் வேண்டுமா என்று கேட்டேன். "நம்பரு எதுக்கு அக்கா? அமாவாசைன்னா நான் சர்க்கரையாண்டதான் நிப்பேன்" என்றாள்.

பேருந்து நிலையத்துக்குச் சேர்ந்தே நடந்தோம். ஒவ்வொரு தெரு முனையிலும், இங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லி அவளை விட்டுப் பிரிந்துவிடலாம் என்று நினைத்தேன். சொல்லத் தோன்றவில்லை, இன்னும் கொஞ்ச தூரம் கூட நடக்கலாமே என்றிருந்தது. நிலையத்தில் நுழைந்ததும் காலையில் வந்த அதே பேருந்து, அதே நடத்துநர்.

"இன்னாம்மா, மளிகை வாங்கியாச்சா? ஜல்தி ஏறுங்க, மெட்ராஸ் வண்டி இதான்!"

கஸ்தூரி நின்றுவிட்டாள். "மெட்ராஸா நீங்க?"

"பூந்தமல்லி" என்றேன்.

"மளிகை வாங்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?"

காலையிலிருந்து இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஊட்ல யாரும் இல்லியா அக்கா?" என்று மெல்லக் கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ அடுத்த அமாவாசைக்கு நீங்க வரமாட்டீங்க" என்றாள்.

வாளியை அவளிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாத்தக் கூடாது அக்கா. இந்த தபா உங்க முறை. நான் எப்பவும் போல அங்கதான் நிப்பேன். வந்தா வாங்க."

சேவூர் போகும் நகரப் பேருந்து வந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி, ஏகப்பட்ட கூட்டம். பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவள் நின்ற இடத்தை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பும் வண்டியில் கூட்டம் இருந்தது. வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி திமிரியில் இறங்கிப் போனாள். அவள் இடத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். எங்கள் ஊர்க் கடையை நினைத்துக்கொண்டேன். இதைவிடப் பெரிய கடை. அங்கே கல்லாவில் இருக்கும் பெண் மாதாமாதம் என்னிடம் பேசும் ஒரே வாக்கியம், பை வேண்டுமா என்பது. அவளையும் குறை சொல்வதற்கில்லை, நானும் தலையை ஆட்டுவதோடு சரி.

பூந்தமல்லி நெருங்கி, இருட்டத் தொடங்கும்போது கார்த்திக் கூப்பிட்டான்.

"அம்மா, ஏழாந்தேதிக்கு டிக்கெட் இருக்கு. போட்டுடட்டுமா?"

ஒரு நிமிடம் இரு என்றேன். பக்கத்துப் பெண்ணிடம், அடுத்த அமாவாசை என்றைக்கு என்று பார்த்துச் சொல்லம்மா என்றேன். அவள் கைப்பேசியில் தேடி, பதிமூன்றாம் தேதி என்றாள்.

"ஏழாந்தேதி வேண்டாம்டா. அமாவாசை தாண்டட்டும்."

"நீ எப்பம்மா இதெல்லாம் பாக்க ஆரம்பிச்ச?" என்று சிரித்தான். "சரி, அமாவாசைக்கு அடுத்த நாள் போடறேன்."

"அந்த அமாவாசை கஸ்தூரி முறை. அதுக்கு அடுத்தது என் முறை. அதை எப்படி விடறது?"

"யாரும்மா கஸ்தூரி?"

வாளியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரணியில எனக்குத் தெரிஞ்சவங்க" என்றேன்.