மேயர் கும்பிடலாமா

கோதுமை மாவைக் கொதிநீரில் கரைத்துக் காய்ச்சும் பசை மறுநாளே புளிக்கத் தொடங்கிவிடும். அந்தப் புளித்த வாசமும் ஈரக் கடதாசியின் வாசமும் சேர்ந்து, ஒரு மே மாதம் முழுக்க, சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், ஒரேத்தோப் பகுதியில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பு அறையை விட்டு நகரவே இல்லை. பழைய செய்தித்தாள்களைக் கிழித்துப் பசையில் தோய்த்து, அட்டைப் பெட்டிகளின் மேல் ஒட்டி, நாங்கள் ஒரு தேர் செய்துகொண்டிருந்தோம். பலேர்மோக்காரர்கள் அதைக் "காறோ" என்பார்கள். கப்பல் வடிவில் இருப்பதால் எங்கள் வீட்டுப் பேச்சில் அது "கப்பல் தேர்". ஒவ்வொரு ஜூலையிலும் கொள்ளைநோயை நிறுத்திய காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவை உச்சியில் நிறுத்தி, பேராலயத்திலிருந்து கடற்கரைவரை அதை இழுத்துப் போவார்கள். பாதி வழியில், நாற்சந்தியில், தேர் நிற்கும். நகரத்தின் மேயர் தோளில் மூவர்ணப் பட்டியோடு ஏறிப் புனிதையின் காலடியில் பூ வைத்து, பலேர்மோ வாழ்க, சாந்தா ரொசாலியா வாழ்க என்று கத்துவார். கூட்டம் திருப்பிக் கத்தும். அதை அப்படியே பள்ளிக்கூட முற்றத்தில் செய்து காட்டுவதுதான் எங்கள் திட்டம்.

யார் யார் என்ன வேடம் என்பதை "மயெஸ்த்ரா", அதாவது எங்கள் வகுப்பு ஆசிரியை, சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார். என் பக்கத்து இருக்கைக்காரன் சால்வோவுக்குக் கொள்ளைநோய் பிடித்தவன் வேடம் வந்தது. தரையில் கிடந்து முனகினால் போதும் என்பதில் அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வந்த சீட்டில் மேயர் என்று இருந்தது. அதை நான் விரித்துப் பார்த்து, மடித்து, மறுபடி விரித்துப் பார்த்தேன். இன்றைக்கும் நான் அப்படித்தான். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டேன். ஆனால் அன்று பார்த்தது சந்தேகத்தால் அல்ல, அவ்வளவு ஆசையால்.

வீட்டில் அம்மா கேட்டதும் சிரித்துவிட்டு, பச்சை, வெள்ளை, சிவப்பு நாடாக்களை எங்கே மலிவாக வாங்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினார். அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"மேயர் எண்டால் அரசாங்கம். அரசாங்கம் போய்ச் சாமிக்குப் பூ வைக்கிறதோ?"

"இஞ்சேருங்கோ, பிள்ளை கடதாசித் தேரிலை ஏறப்போறாள். பாராளுமன்றத்துக்கே போறாள்?" என்றார் அம்மா.

"அங்கையும் இப்பிடித்தான் தொடங்கினது."

அங்கை என்றால் இலங்கை. பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசியல் சட்டத்தில் எழுதிய நாடு. மந்திரிமார் பதவியேற்ற கையோடு விகாரைக்குப் போகும் நாடு. முதலிடம் ஒருவருக்கு என்று எழுதிவிட்டால் மற்றவர்கள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அப்பா யாழ்ப்பாணத்தில் வேண்டிய அளவுக்குப் பார்த்திருந்தார். அதனால்தான் நாங்கள் சைவம் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் கத்தோலிக்க சமயப் பாட நேரத்தில் என்னை வெளியே இருக்க வைத்திருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், சியாகுல்லியின் மண்டரின் தோட்டங்களில் கிழமை முழுக்கப் பழம் பறித்துக் களைத்துப்போன அதே அப்பா, ஞாயிறு விடிந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு, பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு நடந்தே ஏறுவார். ஊரில் நேர்ந்த நேர்த்தியைப் போலவே அங்கேயும் நேருவார். அம்மா அந்தப் புனிதையை "ரொசாலியம்மா" என்றுதான் சொல்லுவார், ஏதோ ஒழுங்கை முனையில் இருக்கும் மாமியைச் சொல்வதுபோல.

"நீங்களும்தானே அவவைக் கும்பிடுறியள்?" என்று அம்மா மடக்கினார்.

"நான் கும்பிடுவன். அரசாங்கம் கும்பிடக் கூடாது."

அப்பாவைச் சமாதானப்படுத்த வகுப்பில் படித்ததையெல்லாம் ஒப்புவித்தேன். இத்தாலியை ஒரே நாடாகச் சேர்த்தவர்கள் பாப்பரசரை எதிர்த்துப் பீரங்கியால் ரோமின் மதிலை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். பிறகு பல காலம் கழித்து இரு பக்கமும் உடன்பட்டன. இப்போதைய குடியரசின் சட்டம், அரசு தன் வட்டத்துக்குள்ளும் திருச்சபை தன் வட்டத்துக்குள்ளும் ஆளட்டும் என்கிறது. பீரங்கிக் கதை அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போய் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார். ஆனால் அது முடிந்ததும் கேட்டார்: "வட்டம் ரெண்டெண்டால், உங்கடை வகுப்புச் சுவரிலை சிலுவை ஏன் தொங்குது?"

இதற்குள் வேறு வீடுகளிலும் இந்தப் பேச்சு எழுந்திருந்தது. மயெஸ்த்ரா பெற்றோரைக் கூட்டினார். அப்பாவின் இத்தாலியம் தோட்டத்துக்குப் போதும், வாக்குவாதத்துக்குப் போதாது. எனவே என்னைப் பற்றிய வழக்கை நானே மொழிபெயர்க்க வேண்டி வந்தது. அங்கே அவர்கள் பேசியதை எங்கள் வீட்டுத் தமிழிலேயே இங்கு எழுதுகிறேன். அன்று அப்பாவின் காதில் நான் சொன்னதும் அந்தத் தமிழில்தான்.

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தகப்பன் முதலில் எழுந்தார். "இது அரசாங்கப் பள்ளிக்கூடம். இஞ்சை புனிதைக்கு என்ன வேலை? நாடகத்தையே விடுங்கோ."

முன்வரிசையில் இருந்த ஒரு தாய் உடனே திரும்பினார். "புனிதை இல்லாமல் இந்த ஊரே இல்லை. அவவின்ரை எலும்பை ஊர்வலமாக் கொண்டுவந்த பிறகுதானே கொள்ளைநோய் நிண்டது, ஊர்ச் சபை அவவைக் காவலுக்கு எடுத்தது. நாடகம் நடக்கட்டும். ஆனா சமயப் பாடத்துக்கே இராத பிள்ளை எப்பிடி அவவின்ரை காலைத் தொடும்?"

இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு பேரில் யார் சொன்னபடி நடந்தாலும் மேயர் நான் இல்லை. அதையும் நானேதான் மொழிபெயர்த்தேன். மயெஸ்த்ரா அப்பாவைப் பார்த்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார். அப்பா எழுந்து, வீட்டில் சொன்னதையே சொன்னார். நான் கும்பிடுவன், அரசாங்கம் கும்பிடக் கூடாது. அதை இத்தாலியத்தில் சொன்னால் என் பட்டி போய்விடும் என்று எனக்குத் தெரியும். மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

கழுத்துப்பட்டிக்காரர் கை தட்டினார். முன்வரிசைத் தாயின் கவனமோ வேறொரு சொல்லில் நின்றுவிட்டது. "ஆரைக் கும்பிடுவாராம்?"

"சாந்தா ரொசாலியாவை," என்றேன். "ஞாயிறு ஞாயிறு நடந்து மலை ஏறுவம்."

"நடந்தோ?"

"ஓம். கோடை எண்டாலும்."

கடைசி வரிசையிலிருந்து சால்வோவின் தாய் சிரித்தார். அவர்தான் சிஞ்ஞோரா என்சா, பள்ளிக்கூடத்துக்கு எதிரே பாண் சுட்டு விற்கும் கடை வைத்திருந்தவர், அப்போதும் கையில் மா ஒட்டியிருந்தது. "என்ரை மனுசன் கலியாணத்துக்குப் பிறகு மலைப்பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. இவர் ஏறுறார். நாங்கள் இவற்றை பிள்ளையைக் கேள்வி கேக்கிறம்."

அப்பா என் தோளைத் தட்டினார். "மேயராக வாறவர் அவவை நம்பத்தான் வேணுமோ எண்டு கேள்."

கேட்டேன். பதிலையும் என்சாவே சொன்னார். "அவர் நம்புறாரோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? பூ வைக்காமல் வீட்டை போக ஏலாது, ஊர் விடாது."

"அப்ப கும்பிடுறது ஊர். மேயர் வெறும் பூக்காரன்," என்றார் அப்பா. நான் மொழிபெயர்த்ததும் முன்வரிசைத் தாய்கூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அப்பா குனிந்து எனக்கு மட்டும் தமிழில் தீர்ப்புச் சொன்னார். "பூவை வை. கத்து. கும்பிடாதை. கும்பிடுறதெண்டால் இறங்கிவந்து, பட்டியைக் கழட்டிப்போட்டு, நீயாய்க் கும்பிடு."

என்ன சொன்னார் என்று எல்லாரும் கேட்டார்கள். சொன்னேன். கழுத்துப்பட்டிக்காரர், இது சட்டப்படியும் சரிதான் என்றார். முன்வரிசைத் தாய், கட்டாயம் கும்பிடுவாளோ என்று மட்டும் கேட்டார். அது அவளின் விருப்பம் என்றார் மயெஸ்த்ரா. எனக்குப் பட்டி கிடைத்துவிட்டது.

நாடகத்தன்று தேர் முற்றத்தில் நின்றது. பழைய பிள்ளைவண்டி ஒன்றின் சக்கரங்களைப் பூட்டியிருந்தோம். பூ வைக்கப் பக்கத்தில் ஏணி. அம்மா தைத்த பட்டி எனக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கியது. இழுக்கப் போகும் நேரத்தில், அப்பா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் பவ்வியமாக வைத்தார். எங்கள் ஆட்கள் புது வாகனம் எடுத்தாலும் தேர் இழுத்தாலும் செய்வது அது. சக்கரம் ஏறிப் பழம் நசுங்கினால் கண்ணூறு கழிந்தது என்று அர்த்தம். எங்கள் தேரோ அட்டைப் பெட்டி. சிசிலி எலுமிச்சை எங்கள் ஊர்த் தேசிக்காய் அளவிலா இருக்கிறது? பிள்ளைகள் எவ்வளவு இழுத்தும் சக்கரம் பழத்தில் ஏறவும் இல்லை, பழம் நசுங்கவும் இல்லை. கடைசியில் ஒரு பக்கம் மட்டும் ஏற, உச்சியில் நின்ற கடதாசிப் புனிதை பலேர்மோவைப் பார்ப்பதை விட்டுத் தரையைப் பார்க்கத் தொடங்கினார். தரையில் செத்துக் கிடந்த சால்வோ எழுந்து அவரைத் தாங்கிப் பிடித்தான்.

பழம் நசுங்காதது சகுனப்பிழை என்று அப்பா தலையில் கைவைத்தார். என்சா ஓடிவந்து, அது எதற்கு என்று என்னிடம் கேட்டார். கண்ணூறுக்கு என்றேன். "அதை முதலே சொல்லியிருக்கக் கூடாதோ," என்று சொல்லிவிட்டு, நாலு பழங்களையும் இழுத்தெடுத்துத் தன் குதிக்காலால் ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கினார். முற்றம் முழுக்க எலுமிச்சை மணந்தது. தேர் நகர்ந்தது.

நான் ஏணியில் ஏறிப் பூ வைத்தேன். கைகள் தாமாகவே குவியப் பார்த்தன. பட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு கத்தினேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் என் உச்சரிப்புப் பிழையோ, பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று யோசித்து முடித்துவிட்டேன். பிறகு அத்தனை பேரும், அந்தக் கழுத்துப்பட்டிக்காரர் உட்பட, திருப்பிக் கத்தினார்கள். ஒரு முழு ஊர் எனக்குப் பதில் சொன்னதுபோல் இருந்தது. இறங்கிவந்து பட்டியைக் கழற்றிச் சால்வோவின் தோளில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டேன். பக்கத்தில் அவன் சிலுவை போடக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, கவலையோடு கேட்டான்: "பட்டி இப்ப என்னட்டை. நான் செய்யக் கூடாதோ?"

அந்த முற்றத்தில் இப்போது வாகனங்கள் நிறுத்துகிறார்கள். கடதாசித் தேர் அடுத்த மழைக்கே கரைந்துவிட்டது. ஞாயிறுகளில் மலை ஏறும் தமிழர்களின் வரிசையும் மெலிந்துவிட்டது. பலர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். "பெர்மெஸ்ஸோ" என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்ற நான் பிறகு குடியுரிமைச் சத்தியம் செய்தேன். அதில் குடியரசு இருந்தது, சட்டங்கள் இருந்தன, எந்தச் சாமியின் பெயரும் இல்லை என்று சொன்னபோது அப்பா என்னை அதைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டார்.

சால்வோ ஜெர்மனியில் வேலை செய்கிறான். போன மாதம் அங்கிருந்து தொலைபேசி எடுத்து, பதிவு அலுவலகத்தில் உன் சமயம் என்ன என்று கேட்கிறார்கள், கத்தோலிக்கன் என்றால் சம்பளத்தில் கோவிலுக்கு வரி வெட்டுவார்களாம், என்ன சொல்லட்டும் என்றான். இந்த விஷயமெல்லாம் உங்கள் வீட்டில்தானே கதைப்பீர்கள் என்றும் சொன்னான். உள்ளதைச் சொல் என்றேன். "உள்ளது என்ன எண்டுதான் உன்னைக் கேக்கிறன்," என்றான். இருவரும் சிரித்தோம். அவனுக்கு உதவ என்னால் முடியவில்லை. ஏனென்றால் அன்று என் மகளின் முதலாம் வகுப்புப் பதிவுப் பக்கம் என் முன்னால் திறந்திருந்தது. சமயப் பாடம் வேண்டுமா, வேண்டாமா என்ற இடத்தில் நான் ஒரு கிழமையாக அழுத்தி அழுத்தி மாற்றிக்கொண்டிருந்தேன். வேண்டும் என்றால் முதலிடத்தை ஒப்புக்கொண்டதாகுமா? வேண்டாம் என்றால் பிள்ளை தனித்துப்போவாளா?

கடைசியில் மகளையே கூப்பிட்டுக் கேட்டேன். தன் சிநேகிதி ஜூலியா அதற்குப் போகிறாளா என்றாள். போகிறாள் என்றதும், தானும் போவதாக அறிவித்துத் தானே திரையில் அழுத்தினாள். பிறகு யோசித்துக் கேட்டாள்: "அம்மா, அந்தப் பாடத்திலை நான் முருகன் மயிலிலை உலகம் சுத்தின கதை சொல்லலாமோ?"

மயெஸ்த்ராவைக் கேட்டுவிட்டுச் சொல் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். கேட்காமலே சொல்லிவிடுவாள், அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.