கடிபடாத கொய்யா இலை

வளர்ப்பு மீனும் கண்ணாடித் தொட்டியும் விற்கிற என் கடைக்கு அவர் ஸ்ரீவராகத்திலிருந்து நடந்தே வருவார். ஒட்டிய கன்னம், சவரம் செய்து நாலு நாளான முகம். வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கொய்யா இலையை எடுத்து மேசையில் வைப்பார். கண்ணாடித் தொட்டியில் லைட் போட்டு அவர் வளர்த்த, பார்க்க இலை மாதிரியே இருக்கிற இலைப்பூச்சிகளுக்கு முந்தைய நாள் போட்ட இலை அது. ஓரம்கூடக் கடிபடாமல் முழுசாக இருக்கும்.

“லைட் போறலையோ? இன்னும் பெரிசா ஒண்ணு தாங்கோ.”

நானும் வியாபாரிதானே, இரண்டு தடவை விற்றேன். மூன்றாம் தடவைதான், லைட்டை எப்போது அணைக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

“அணைக்கறதே இல்லை.”

“சார், அதுக்குத் தனியா லைட்டே வேண்டாம். பகல்ல ஜன்னல் வெளிச்சம் போதும். ராத்திரி இருட்டுலதான் அது திங்கும். அணைச்சிடுங்க, இல்லன்னா பட்டினியில செத்துரும்.”

“தொட்டி இருக்கறது என் ஆத்துக்காரி கட்டில்கிட்ட, கேட்டேளா. படுத்த படுக்கையா கிடக்கா. முழிக்கறச்சே எல்லாம் அதுகளைத்தான் தேடறா. இருட்டா இருந்தா அலறறா. நான் என்ன செய்ய?”

அவர் இலையை மறுபடி பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். லைட் எதுவும் கேட்கவில்லை. மேசையில் அவர் வைத்த இலையில் நடுநரம்பு மட்டும்தான் மிச்சம்.

“இப்போ ராத்திரி அணைச்சுடறேன். நன்னா திங்கறதுகள்.”

“ரொம்ப நல்லது சார்,” என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் தெருவில் இறங்கிப் போன பிறகுதான் எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது.