தெரிவாகக் கூடாது என்று கேட்டேன்

என் மகனை ஒருவரும் தெரிவு செய்யக் கூடாது என்று நான் கடவுளிடம் கேட்டிருக்கிறேன். பெற்ற தகப்பன் கேட்கிற வரமா இது என்று நீங்கள் முகத்தைச் சுளித்தாலும் சரி, கேட்டது கேட்டதுதான்.

அவன் கூடைப்பந்து விளையாடுகிறவன். நாங்கள் குடியிருக்கிற லுசேர்ணில் பிறந்து வளர்ந்து, பதினேழு வயதில் அமெரிக்காவுக்குப் போனான். நாடு முழுக்கப் பெயரெடுத்த கல்லூரி அணி ஒன்று அவனைக் கூப்பிட்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "பந்தடிக்கிறதுக்கோ அண்ணை பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினனீங்கள்?" என்று கலியாண வீடொன்றில் ஒருவர் கேட்டார். அவருடைய மகன் வங்கியில் லேரே, அதாவது வேலையோடு சேர்ந்த தொழிற்படிப்பு, செய்துகொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளை தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து தாயின் கையால் சாப்பிடுகிறான் என்று நினைத்தபோது, கோபத்தைவிடப் பொறாமைதான் பெரிதாக இருந்தது.

மூன்று வருடத்தில் என் மகன் வீட்டுக்கு வந்தது மூன்றே முறை. டிசம்பரில் நத்தாருக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீடு வந்து சேரும்போது அவனுக்குப் போட்டிகள். தைப்பொங்கலுக்குப் போனில் பானையைக் காட்டுவோம். கோடையில் பத்து நாள் வருவான். அந்தப் பத்து நாளும் மனைவி அடுப்பை விட்டு அசையமாட்டாள். நானோ ஹோட்டல் குசினியில் உல்லாசப் பயணிகளுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருப்பேன். கோடையில் எனக்கு லீவு தரமாட்டார்கள். ஆக, அவனை நான் அதிகம் பார்த்தது அவன் நித்திரையாக இருக்கும்போதுதான். வேலைக்குப் போகுமுன் அறைக் கதவைக் கொஞ்சம் நீக்கிப் பார்ப்பேன். கட்டிலுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போனால் அன்று முழுக்க வேலை ஓடும்.

மூன்றாம் வருட முடிவில் அவனும், அவனோடு ஒரே வீட்டில் இருந்த அணிப் பெடியள் மூன்று பேரும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். பெரிய தொழில்முறை அணிகள் முறைவைத்து வந்து, தங்களுக்கு வேண்டிய இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுப்பதுதான் டிராஃப்ட். அதற்கு முன் உயரம், நிறை, கை நீளம் எல்லாம் அளந்தார்களாம். பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு அளக்கமாட்டார்கள் என்று மனைவி சொன்னாள். கொடுத்த பெயரைத் திரும்ப எடுக்க ஒரு கடைசித் தேதி இருந்தது. அதைத் தாண்டிவிட்டால், தெரிவானாலும் ஆகாவிட்டாலும் தன்னால் கல்லூரி அணிக்குத் திரும்ப முடியாது என்று மகன் விளங்கப்படுத்தினான். தேதி தாண்டியது. அவன் பெயரை எடுக்கவில்லை.

அவன் சொன்னது என் தலைக்குள் வேறு மாதிரிப் போய் உட்கார்ந்தது. தெரிவாகாவிட்டால் கல்லூரி இல்லை. கல்லூரி இல்லையென்றால் வீடுதானே? இங்கேயும் கிளப்புகள் இருக்கின்றன. லோசானில் விளையாடினால்கூட ரெயினில் இரண்டே கால் மணித்தியாலம். சனிக்கிழமை போய் ஆட்டத்தைப் பார்த்து, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஞாயிறு காலை வேலைக்கு நிற்கலாம். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ரெயின் நேரங்களைக்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

டிராஃப்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். மனைவி அர்ச்சனைத் தட்டை நீட்டி, மகனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். பிள்ளைக்குச் சோதினையோ என்று ஐயர் கேட்டார். ஒரு மாதிரிச் சோதினைதான் என்றாள் அவள். பிறகு கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற நான், முருகா, அவனை ஒருத்தரும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன், மனதுக்குள். திருநீறு வாங்கும்போது கை கூசியது. நன்றாகக் கும்பிட்டீர்களா என்று காரில் மனைவி கேட்டாள். மிக நன்றாகவே கும்பிட்டேன் என்றேன்.

பெயர்களை இரண்டு நாட்களாக வாசித்தார்கள். முதல் நாள் பெடியளில் இரண்டு பேர் எடுபட்டுவிட்டார்கள். மிச்சம் என் மகனும், என் மனைவியை அம்மா என்று கூப்பிடுகிற அந்த நெடியவனும். அவள் அனுப்புகிற கறித்தூளில் பாதி அவன் வயிற்றுக்குள்தான் போகும். இரண்டாம் நாள் பெயர் வாசித்து முடிய இங்கே விடிந்துவிடும். எனக்குக் காலை வேலை. மனைவி வீட்டில் இருந்து பார்த்து, எனக்குப் போனில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, நெடியவனைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று எழுதினாள். அதன்பிறகு ஒன்றுமில்லை. முட்டைகளை உடைத்து ஊற்றினேன். கடைசிப் பெயரும் முடிந்துவிட்டது, எங்கட பிள்ளை இல்லை என்று வந்தது. அந்த நிமிடம் என் மனம் லேசானது. அந்த லேசுக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் மகன் அழைத்தான். வெற்றுப் போத்தல் பெட்டிகள் அடுக்கியிருக்கும் பின்முற்றத்துக்குப் போய் எடுத்தேன்.

"அப்பா, என்ர பேர் வரேல்லை."

"பரவாயில்லை ராசா. வீட்டை வா," என்றேன். அவன் சொல்லி முடிக்குமுன்பே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

வர முடியாது என்றான். ஒரு அணி அவனை ஆடிக் காட்டக் கூப்பிட்டிருந்தது. நாளைக்கே புறப்பட வேண்டுமாம். அங்கே சரிவராவிட்டால் கீழே சின்ன லீக்குகள் இருக்கின்றன, எத்தனை வருடமானாலும் அங்கிருந்துதான் ஏற வேண்டும் என்றான். கல்லூரிக் கதவு மூடினால் வீட்டுக் கதவு திறக்கும் என்று நான் போட்ட கணக்கில், அவனுடைய ஆசையை நான் சேர்க்கவே இல்லை. பிறகு அவன் அழுதான். சின்ன வயதில் முழங்காலை உரசிக்கொண்டு வந்தால் அழுகிற அதே அழுகை.

"நான் நல்லாத்தானே விளையாடினனான் அப்பா. என்ன பிழை விட்டனான் எண்டு தெரியேல்லை."

நீ ஒரு பிழையும் விடவில்லை என்றேன். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் உலகத்தில் இல்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். மனைவி காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. கோயிலில் கேட்டதைச் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த துவாயை மடித்து முடித்தாள்.

"நானும் அதைத்தான் கேட்டனான்," என்றாள்.

நான் கதிரையில் இருந்தேன். அவள் அடுத்த துவாயை எடுத்து மடித்தாள். பிறகு சொன்னாள்: "வீட்டை வரவேணும் எண்டெல்லோ கேட்டிருக்கவேணும். ரெண்டு பேருமாய்ச் சேர்ந்து, எடுக்கக்கூடாது எண்டு கேட்டனாங்கள். நாங்கள் கேட்டதை முருகன் தந்திட்டார்."

இரண்டு வருடமாகிறது. அவன் இப்போது ஏதோ ஒரு குளிர் ஊரில், ஒரு சின்ன லீக்கில் ஆடுகிறான். பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து, கும்பிடுங்கோ அப்பா என்கிறான். ஓம் ராசா என்கிறோம் இருவரும். இப்போது அவன் கேட்பதையே நாங்களும் கேட்கிறோம், வாய் அளவிலாவது.

நடந்ததை அவனுக்கு நாங்கள் சொல்லவில்லை. அவன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், ஒரு பக்கம் வாசிக்க ஒரு கிழமை எடுக்கும். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும், ஒருநாள் இது அவன் கையில் கிடைத்து, கடைசிவரை வாசித்து முடித்து, அப்பா நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று சண்டை பிடிப்பதற்காகவாவது வாசலில் வந்து நிற்கமாட்டானா என்றிருக்கிறது.