அப்பா தின்ற சாளை

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். “வலிக்காது, அப்படியே தூங்கிப்போயிடும்” என்றேன். எழவே முடியாத எங்கள் நாயை அணைத்தபடி பேத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். நான் சிறுவன். எங்கள் கிழநாய் கறுப்பன் முனகிக்கொண்டே கிடந்தான். “காஞ்சிரங்காய அரச்சுச் சோத்துல வச்சிரும் ஓய், அதுக்க கஷ்டம் தீரும்” என்று பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள், மீன் படியேறாத எங்கள் சைவ வீட்டு முற்றத்தில் சாளைக்குழம்பு மணத்தது. குளச்சல் மீன்காரியிடம் சொல்லி ஆக்கி வாங்கிய சோற்றை, அப்பா வாழையிலையில் ஏந்தி வந்தார். நான் கறுப்பனை மறைத்து நின்றேன்.

“வெஷம் வச்சிருக்கியளா?”

“இல்ல மக்கா. அவனுக்கு இதுலதான் ஆசயும் கொதியும். கடைசியா ஒருக்கத் தின்னட்டும்.”

“பொய்!”

அப்பா ஒரு உருண்டை எடுத்து, கண்ணை மூடி வாயில் போட்டு, குமட்டலை அடக்கி விழுங்கினார். நான் விலகினேன். கறுப்பன் இலையை நக்கித் தீர்த்தான். அப்புறமும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பா வாயில் நுரை தள்ளுகிறதா என்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுப்பன் இரண்டு நாள் கழித்துத் தானாகத்தான் மூச்சடங்கினான்.

“வலிக்காதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் தாத்தா?” என்றாள் பேத்தி.

டாக்டர் ஊசியோடு காத்திருந்தார். அதைத் தின்று காட்ட எனக்கு வழியில்லை.